சக்கரத்தை அகட்டியாயிற்று, மாப்பிள்ளை

என் மாப்பிள்ளை அமலுக்கு,

முழங்கால் வலியோடும் கொஞ்சம் கோபத்தோடும் மாமா எழுதுகிறேன். கோபம் யார் மீது என்று கேட்காதீர்கள், உங்கள் மீதுதான். நீங்கள் இருந்தவரை ஒரு நாளும் உங்களிடம் முகம் சுளித்துப் பேசியதில்லை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் மரியாதை குறையக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டேன். இப்போது நீங்கள் எழுந்து ஷெட்டுப் பக்கம் நழுவ முடியாது. நான் முடிக்கும் வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கல்லறைத் திருநாள் வருகிறது. இறந்துபோனவர்களுக்கு யாராவது எழுதிக் கொடுத்தால் கோயிலில் அச்சடிக்கும் பங்கு மடலில் போடலாம் என்று பங்குச் சாமியார் பூசையில் சொன்னார். தருகிறேன், ஆனால் ஒரு வரியும் குறைக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். தலையாட்டியிருக்கிறார். ஆகவே இதை ஊரே படிக்கப் போகிறது. படிக்கட்டும். ஊர் பார்க்கத்தானே நீங்களும் அந்த வண்டி மேல் ஏறி உட்கார்ந்தீர்கள்?

முதலில் வீட்டுச் சேதி. என் மகள் செலின் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போய் வருகிறாள். உங்கள் மகள் ரீனா மதுரையில் நர்சிங் படிப்பைத் தொடர்கிறாள், லீவுக்கு வந்தால் அம்மா பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறாள். நான் பழனிசெட்டிபட்டி வீட்டைப் பூட்டிவிட்டு உங்கள் தோட்டத்து வீட்டிலேயே தங்கிவிட்டேன். செலின் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. திராட்சை இந்தத் தடவை நல்ல காய்ப்பு. பறிக்கிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது, பழம் கொடியிலேயே வெடித்துவிட்டது. வியாபாரி வந்து ஒரு குலையைத் தூக்கிப் பார்த்தார், கீழே விட்டார், போய்விட்டார்.

அடுத்தது ஷெட்டு. ஷெட்டு காலி, மாப்பிள்ளை. மூன்று வண்டிகளும் போய்விட்டன. எப்படிப் போயின என்று உங்களுக்குச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சாதாரண டிராக்டரின் அடிவயிறு தரையிலிருந்து முழங்கால் உயரம் இருக்கும். என் மாப்பிள்ளை தேடித் தேடிச் சேர்த்தவை அப்படி இல்லை. அடிவயிறு ஆள் இடுப்புக்கு மேலே நிற்கும். முன்னால் நீளமான இரும்புக் கால்கள், பின்னால் ஒல்லியான பெரிய சக்கரங்கள். பயிர் வளர்ந்த பிறகும் வரிசைக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு நடந்து போவதற்காக வெளிநாட்டில் செய்த பழைய வண்டிகள். ஒரு காலத்தில் இங்கே பெரிய கரும்புக் காட்டுக்காரர்கள் வாங்கி ஓட்டியிருக்கிறார்கள். பிறகு திராட்சை வந்தது. பந்தலுக்கு அடியில் குள்ள வண்டிதான் நுழையும். நெட்டை வண்டிகள் எல்லாம் மூலைக்குப் போய்த் துருப்பிடித்தன.

உங்களுக்கு ஓடைப்பட்டிப் பக்கம் முழுக்கத் திராட்சைத் தோட்டம். சொந்தத் தோட்டத்துக்குள் நுழைய முடியாத வண்டியைத் தேடி ஊர் ஊராக அலைந்த விவசாயி உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். தேனியில் பழைய இரும்புக்கடை வைத்திருக்கிறவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தால் அவனாவது வாங்கியதை விற்றிருப்பான் என்று செலினிடம் நான் சொல்லியிருக்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே போய் அதை உங்களிடமே சொல்லிவிட்டாள். நீங்கள் மறுநாள் எனக்கு ஒரு கூடை திராட்சை அனுப்பினீர்கள்.

முதல் வண்டிக்கு என்னையும் அழைத்துப் போனீர்கள். வண்டிப்பெரியாறு தாண்டி ஒரு எஸ்டேட். நான் பஸ்ஸில் கண்டக்டராக அந்தக் குமுளிப் பாதையில் எத்தனையோ வருஷம் போய் வந்தவன் என்பதால் துணைக்குக் கூப்பிட்டீர்கள். தார்ப்பாயை விலக்கியபோது என்ன பார்த்தோம்? சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சைலன்சருக்குள் குளவிக் கூடு. டயர் இருந்த இடத்தில் வெறும் ரிம். "எடுத்தோ சேட்டா, எடுத்தோ," என்று மலையாளத்தில் எடுத்துப் போகச் சொல்லி வாட்ச்மேன் நம்மைவிட அவசரப்பட்டார். நீங்கள் மட்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். பெண் பார்க்க வந்த அன்றுகூட என் மகளை நீங்கள் அப்படிப் பார்க்கவில்லை.

லாரியில் ஏற்றி மலை இறங்கி லோயர் கேம்ப் வந்தபோது செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். போலீஸ்காரர் கீழே இருந்து மேலே வரை பார்த்தார். என்ன இது என்றார். டிராக்டர் என்றீர்கள். டிராக்டர் எனக்குத் தெரியாதா, என்ன இது என்று மறுபடியும் கேட்டார். அன்றைக்கு நான் லாரிக்குள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, பாதிச் சிரிப்பிலேயே நின்றுவிடுகிறது.

அதற்கு நெட்டைக்காலன் என்று பெயர் வைத்தது நான்தான். கேலிக்கு வைத்த பெயர், ஊரில் ஒட்டிக்கொண்டது. நீங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தீர்கள்.

அதை எழுப்ப என்ன பாடுபட்டீர்கள். பிஸ்டன் இறுகிக் கிடந்தது. டீசலும் ஆயிலும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றி ஊற வைத்தீர்கள். தினமும் திராட்சைக்கு மருந்து அடித்துவிட்டு வந்து மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுவீர்கள். கோபத்தில் ஒரு அடி ஓங்கி அடித்தால் முடிந்தது கதை, உடைந்துவிடும் என்பீர்கள். இவ்வளவு பொறுமையை இரும்புக்குக் கொடுத்த மனிதருக்குக் கடைசி நாளில் அரை நாள் பொறுமை இல்லாமல் போனது எப்படி? இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். யாரிடம் கேட்டாலும் விதி என்கிறார்கள்.

பிஸ்டன் அசைந்த அன்று செலின் வகுப்பில் இருந்தாள். போன் செய்து, "நகந்துருச்சு செலின்" என்று மட்டும் சொன்னீர்களாம். அவள் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு வராந்தாவில் வந்து அழுதாளாம். அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அவளும் உங்களோடு அந்த வேலையில் எவ்வளவு இறங்கியிருந்தாள் என்பதை நான் கவனிக்கவே இல்லை. எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே எடுத்து நீட்டுவாள். தேனி லேத் பட்டறைக்குப் போய், புஷ் அளவு சரியில்லை என்று திருப்பிக் கொடுத்துச் சண்டை போட்டு வந்ததும் அவள்தான்.

பெயிண்ட் கடைசியில்தான் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தீர்கள். ஓடாத வண்டிக்கு எதற்கு அலங்காரம் என்பீர்கள். அது ஓடிய பிறகுதான் சிவப்பு அடித்தீர்கள். அடுத்த இரண்டு வண்டிகள் இஞ்சின் இல்லாமலேயே வந்து சேர்ந்தன. அவற்றுக்கு இஞ்சின் தேடிக்கொண்டே இருந்தீர்கள், கிடைக்கவில்லை. முழுதாக எழுந்து நின்றது நெட்டைக்காலன் ஒன்றுதான்.

என்னை நீங்கள் மடக்கிய நாள் நினைவிருக்கிறதா? பக்கத்துத் தோட்டத்தில் மக்காச்சோளம் இடுப்பளவு நின்றது. எந்த டிராக்டரும் உள்ளே போக முடியாத பருவம். மண் அணைக்க ஆள் கிடைக்காமல் தோட்டக்காரர் புலம்பிக்கொண்டிருந்தார். நீங்கள் நெட்டைக்காலனைக் கொண்டுபோய் வரிசைக்கு மேலே இறக்கினீர்கள். அந்த மனிதர் ஐயோ என் பயிர் என்று தலையில் கை வைத்தார். வண்டி இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்குப் போய்த் திரும்பி வந்தது. பின்னாலேயே நானும் செலினும் நடந்தோம். சோளத் தாள்கள் வண்டியின் வயிற்றில் உரசிக் குனிந்து, மறுபடி நிமிர்ந்து நின்றன. ஒரு தட்டைகூட ஒடியவில்லை.

இறங்கி வந்து என்னிடம் சொன்னீர்கள்: "பயிரை மிதிக்காத வண்டி மாமா இது. அதுக்காகத்தான்."

அதற்குப் பிறகு நான் கேலி செய்யவில்லை. செய்திருந்தாலும் உள்ளுக்குள் பெருமைதான். பஸ் ஸ்டாண்டில் பழைய டிரைவர்களைப் பார்த்தால் என் மாப்பிள்ளையின் வண்டியைப் பற்றி நானே பேச்சை எடுப்பேன். அந்தப் பெருமையை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பயிரை மிதிக்காத வண்டி என் மகளின் வாழ்க்கையை மிதித்துவிட்டதே.

திருவிழாவுக்கு வருகிறேன். எனக்கு அதை எழுத மனமில்லை, ஆனால் எழுதாமல் மேலே போக முடியாது.

அந்தோணியார் திருவிழாவின் கடைசி நாள், பகல் சப்பரம். அந்த வருஷம் சப்பரத்தை நெட்டைக்காலன்தான் இழுக்க வேண்டும் என்று ஊரார் ஆசைப்பட்டார்கள். நீங்கள் அவர்களைவிட ஆசைப்பட்டீர்கள். ஆனால் குருசடித் தெருவில் இரண்டு பக்கமும் புது வீடு, புதுச் சாக்கடைத் திட்டு. வண்டியின் அகலம் போகாது. உங்களிடம் அதற்கு வழி இருந்தது. இந்த வண்டியின் பின் சக்கரங்களை அச்சிலேயே உள்ளே தள்ளலாம், வெளியே இழுக்கலாம். வரிசைக்குத் தகுந்தபடி அகலத்தை மாற்றிக்கொள்ள வைத்த வசதி அது. உயரமான வண்டி என்பதால் வெறும் பாதையில் போகும்போது நன்றாக அகட்டி வைத்துத்தான் ஓட்ட வேண்டும், குறுக்கினால் சாயும் என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். எவ்வளவு அகட்ட வேண்டும் என்பதற்கு அச்சில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடுகூடப் போட்டு வைத்திருந்தீர்கள்.

முதல் நாள் சாயங்காலம் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரங்களை உள்ளே தள்ளிக் குறுக்கினீர்கள். மறுநாள் சப்பரம் நல்லபடியாகப் போயிற்று. அவ்வளவு உயரத்தில் வேட்டியும் சந்தன நிறச் சட்டையுமாக நீங்கள் உட்கார்ந்திருக்க, பின்னால் அந்தோணியார் மாலையோடு வந்தார். பெண்கள் வேண்டுதலாக மிளகும் உப்பும் சப்பரத்தில் போட்டார்கள். செலின் கூட்டத்துக்குள் நின்று அந்தோணியாரைப் பார்க்காமல் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் பார்த்தேன்.

சப்பரம் நிலைக்கு வந்ததும் ஊருக்கே பந்தி போடும் அசனச் சாப்பாடு. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தீர்கள். சக்கரத்தை அகட்ட வேண்டாமா என்று பக்கத்தில் நின்ற யாரோ கேட்டார்கள். நீங்கள் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னீர்கள்.

"விடிஞ்சதும் அகட்டிக்கிறேன் மாமா. ஷெட்டு இந்தா அங்கன இருக்கு."

இதுதான் நீங்கள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. மெயின் ரோட்டில் திருவிழாக் கடைகளும் வேன்களும் அடைத்துக்கொண்டு நின்றதால் வாய்க்கால் கரை வழியாகத் திருப்பினீர்கள். தண்ணீர் திறந்துவிட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. கரை ஓரம் ஊறிப் போயிருந்தது. ஒரு பக்கச் சக்கரம் லேசாக இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான். திருவிழாக் கொட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நாங்கள் ஓடி வந்தபோது வண்டி கவிழ்ந்து கிடந்தது, நீங்கள் அதற்கு அடியில்.

வண்டியை நிமிர்த்த வந்தபோது கம்பத்து மெக்கானிக் ஒருவர் சுற்றிப் பார்த்தார். சக்கரத்தை அகட்டியிருந்தால் சாய்ந்திருக்காது என்று அவர் பாட்டுக்குச் சொன்னார். செலின் பக்கத்தில் நிற்பது அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று முதல் அவள் ஷெட்டுக்குள் கால் வைக்கவில்லை. போலீஸ் விசாரணை முடிந்து வண்டியைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனார்கள். முன்கால் ஒன்று வளைந்து, ஸ்டியரிங் உடைந்து, அப்படியே நின்றது. பூட்டைப் போட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

பழியை என் தலையில் நானே தூக்கிப் போட்டுக்கொண்டு நான் சொல்லியிருந்தால், நான் தடுத்திருந்தால் என்று மாரடிக்கிற ஆள் நான் இல்லை மாப்பிள்ளை. எனக்கு அந்த வண்டியைப் பற்றி என்ன தெரியும்? உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கிளம்பினீர்கள். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அரை நாள் வேலைகூட இல்லையே. வயிறு நிறையச் சாப்பிட்ட சோம்பலா? வேட்டியில் கிரீஸ் படும் என்றா? ஊரே பார்த்த மனிதன் அதே உடையோடு வீட்டுக்குப் போய் இறங்க வேண்டும் என்ற ஆசையா? எதுவாக இருந்தாலும் சொல்லலாம். நான் திட்டமாட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஒரு வருஷம் ஷெட்டு பூட்டியே கிடந்தது. இந்த வருஷத் திருவிழா வந்தது. சப்பரத்தைத் தோளில் தூக்கினார்கள். செலின் கோயிலுக்கு வரவில்லை. நான் மட்டும் போய்ச் சப்பரத்தைப் பார்க்காமலே திரும்பி வந்தேன்.

அது முடிந்த வாரம் குமுளியிலிருந்து ரிசார்ட் வைத்திருக்கும் ஒருவர் வந்தார். எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார். மூன்று வண்டிகளையும் எடுத்துக்கொள்கிறேன், வாசலில் நிறுத்தினால் வருகிறவர்கள் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள் என்றார். நல்ல மனிதர். சிவப்பு வண்டியைச் சரிசெய்து ஓட்டும் நிலையில் வைப்பேன் என்று வேறு ஆசையோடு சொன்னார். எனக்கு மனம் கொஞ்சம் குளிர்ந்தது. நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்தது எங்கேயோ ஓர் இடத்தில் ஓடும் என்று நினைத்தேன்.

செலின் அவருக்கு டீ கொடுத்துவிட்டு நின்றபடியே சொன்னாள், இஞ்சின் இல்லாத இரண்டையும் எடுத்துப் போகலாம், சிவப்பு வண்டி விற்பதற்கில்லை என்று. அவர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். அவர் போன பிறகு நானும் கேட்டேன். அப்போதுதான் அது என்ன முடிவு என்று எனக்குத் தெரிந்தது. அவள் அதை வைத்துக்கொள்ளப் போவதில்லை. வெட்டி எடைக்குப் போடப் போகிறாள்.

"அவரு நிப்பாட்டித்தான வைப்பாரு, ஆத்தா," என்றேன்.

"இன்னைக்கு நிப்பாட்டுவாக. நாளைக்கு ஒருத்தன் ஏறி ஓட்டுவான். அவனுக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பாப்பா," என்றாள்.

ஆனாலும் நான் விடவில்லை. இஞ்சினைக் கழற்றிவிடுவோம், வெறும் கூடாக இங்கேயே நிற்கட்டும் என்றேன். நிற்பதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி இருப்பது என்று கேட்டாள். உங்கள் கை படாத ஒரு போல்ட்டும் அதில் கிடையாது என்றேன். அது அவளுக்குத் தெரியாதா? கத்தியும் பார்த்தேன். உன் புருஷன் செய்து முடித்தது உலகத்தில் இது ஒன்றுதான், அதையும் இல்லாமல் ஆக்கப் போகிறாயா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் பேச்சில்லாமல் இருந்தோம். சாப்பாடு போடுவாள், சாப்பிடுவேன். ரீனா போன் பண்ணினால் ஆளுக்கு ஆள் போனை மாற்றிக் கொடுப்போம், அவ்வளவுதான்.

எனக்கு ஒன்று புரிந்தது மாப்பிள்ளை. நான் வண்டிக்காகச் சண்டை போடவில்லை. அது இருந்தால் நீங்கள் எங்கேயோ கொஞ்சம் மிச்சம் இருப்பீர்கள் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. அவளுக்கும் அப்படி ஒரு நினைப்பு, வேறு மாதிரி. அது இருக்கிறவரை நீங்கள் அதற்கு அடியில் கிடக்கிறீர்கள். வெட்டினால்தான் உங்களை வெளியே எடுக்க முடியும் அவளால்.

ரிசார்ட்காரர் வந்து இரண்டு வண்டிகளை ஏற்றிப் போனார். அடுத்து இரும்புக்கடை மூர்த்திக்குச் சொல்லி அனுப்பினாள். பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெரு முனையில் கடை வைத்திருக்கிறாரே, அவரேதான். மினி லாரியில் இரும்பு வெட்டும் கேஸ் சிலிண்டரோடு வந்தார். உங்களை அவருக்குப் பழக்கம். அவர் கடையில் குப்பையைக் கிளறி எத்தனை சாமான் எடுத்திருக்கிறீர்கள். வண்டியைப் பார்த்துத் தலைத் துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு, நின்ற இடத்திலேயே வெட்டிக்கொள்கிறேன், நீங்கள் வீட்டுக்குள் போய் இருங்கள் என்றார்.

செலின் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டிருந்தாள். வீட்டுக்குள் போகவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு ஷெட்டுக்குள் வந்தாள். வளைந்த முன்காலைப் பார்த்தாள், உடைந்த ஸ்டியரிங்கைப் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பின்பக்கம் போய், சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து அச்சைத் தடவினாள். தூசிக்கு அடியில் உங்கள் மஞ்சள் கோடு தெரிந்தது. சக்கரம் அதற்கு வெகு உள்ளே நின்றது. நீங்கள் குறுக்கி வைத்தது குறுக்கி வைத்தபடி.

மூர்த்தி சிலிண்டரைத் திறக்கப் போனார். கொஞ்சம் பொறுங்கள் என்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரில் ஆணியில் தொங்கிய பெரிய ஸ்பேனரை எடுத்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன ஆத்தா என்றேன். அவ்வளவு நாள் கழித்து அப்போதுதான் என்னிடம் பேசினாள்.

"விடிஞ்சதும் அகட்டிக்கிறேன்னு சொன்னாகல்லப்பா. செஞ்சுட்டு அனுப்புவோம்."

ஜாக்கிக்கு அடியில் நான் கட்டை அடுக்கினேன். மூர்த்தி தூக்கிக் கொடுத்தார். போல்ட்டுகள் துருவில் பிடித்திருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தோம். ஓங்கி அடிக்க மூர்த்தி சம்மட்டியை எடுத்தபோது அவள் வேண்டாம் என்று கையைக் காட்டி, உங்கள் மரச் சுத்தியலை எடுத்து மெதுவாகத் தட்டத் தொடங்கினாள். உங்கள் தட்டு மாதிரியே இருந்தது மாப்பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் நீங்கள்தான் என்று சொல்லியிருப்பேன். கண்ணை மூடவில்லை.

சக்கரம் அசைந்தபோது அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை. பாரம் தூக்குகிறவர்கள் விடுவது போன்ற மூச்சு. நான் கடப்பாரையால் நெம்ப, அவள் இழுக்க, சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. மஞ்சள் கோட்டுக்கு வந்ததும் குனிந்து பார்த்து, விரலால் தொட்டு, சரி என்றாள். போல்ட்டுகளை முடுக்கிக் கடைசியில் ஸ்பேனர் மேல் காலை வைத்து ஒரு மிதி மிதித்தாள். நீங்கள் செய்வதுதான் அது. அடுத்த பக்கமும் அப்படியே. இரண்டு பக்கமும் முடிந்து ஜாக்கியை இறக்கியபோது நெட்டைக்காலன் நன்றாக அகட்டி, அசைக்க முடியாமல் நின்றது. திருவிழா அன்று மத்தியானம் அது எப்படி நின்றிருக்க வேண்டுமோ அப்படி.

அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்து அதைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது, நான் வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். திரும்பி வந்தபோது ஸ்பேனர் ஆணியில் தொங்கியது. அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப வெட்டுங்க," என்று மூர்த்தியிடம் சொன்னாள்.

குளித்து வேறு சேலை கட்டிக்கொண்டு மத்தியானப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போய்விட்டாள். கடைசி வரை கூட இருந்தது நான்தான். சிவப்புப் பெயிண்ட் பொங்கிக் கருகிய நாற்றம் இன்னும் என் சட்டையில் இருக்கிறது. அச்சைத் துண்டு போட்டு லாரியில் எறிந்தபோது மஞ்சள் கோடு ஒரு தடவை மேலே தெரிந்தது. அதை மட்டும் கேட்டு வாங்கலாமா என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவள் ஒன்றையும் வைத்துக்கொள்ளாதபோது நான் வைத்துக்கொள்வது திருட்டு மாதிரி.

இப்போது செலின் என்னோடு பேசுகிறாள். நன்றாக இருக்கிறாளா என்று நீங்கள் கேட்டால் இல்லை. வெட்டினால் உங்களை வெளியே எடுத்துவிடலாம் என்று அவள் நினைத்தாள், கடைசியில் நானும் நினைத்தேன். வண்டி போய்விட்டது, நீங்கள் வரவில்லை. காலி ஷெட்டின் தரையில் ஆயில் கறை அதே இடத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவள் அந்த வாசலில் நிற்கிறாள். கூப்பிட்டால் வருகிறாள்.

உயிர்த்தெழும்போது எல்லோரும் சந்திப்போம் என்று சாமியார் ஆறுதல் சொல்கிறார். நான் அவரோடு வாதாடவில்லை. என் வயசுக்கு நான்தான் முதலில் போய் உங்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கையே தப்பாகப் போட்ட ஆண்டவரிடம் போய் மற்றதை எப்படி நம்பிக் கேட்பது? சாமியார் கோபித்துக்கொள்ளட்டும், இதையும் குறைக்கக்கூடாது.

கல்லறைத் திருநாளுக்கு உங்கள் கல்லறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன். அடுத்த நாள் அடிக்கலாம் என்று பக்கத்துக் கல்லறையைச் சுத்தம் செய்ய வந்தவர் சொன்னார், மழை மூட்டமாக இருக்கிறது என்றார். நான் கேட்கவில்லை. மழை வந்தது, அடித்ததில் பாதி கரைந்தது. நின்ற பிறகு மறுபடி அடித்தேன்.

நான் அப்படி ஆகிவிட்டேன் மாப்பிள்ளை. குழாயில் சொட்டினால் அன்றைக்கே வாஷர் மாற்றுகிறேன். என் வேட்டியை அன்றன்றைக்கே துவைத்து மடித்து வைக்கிறேன். செலினுக்கு இது கிழவனின் வீம்பு என்று படுகிறது. உங்களுக்குப் புரியும். செத்துப் போனவர் விட்டுவிட்டுப் போன வேலையை அவள் ஒரு தடவை தரையில் மண்டியிட்டு முடித்ததை நான் பார்த்தேன். இன்னொரு தடவை அதை அவளைச் செய்ய வைக்கமாட்டேன். நான் உங்களிடம் வந்து சேரும் அன்று, விடிந்ததும் செய்துகொள்ளலாம் என்று நான் விட்டுவந்த வேலை ஒன்றுகூட அவளுக்கு இருக்காது. இது உங்களுக்குப் பெண் கொடுத்தவன் கொடுக்கும் வாக்கு.

உங்கள் மாமா,
செலினுடைய அப்பா சவரிமுத்து